வேகப் படகில் காசைக் கரைக்கும் தவறுகள்

இரண்டே காலடி நீளத்தில் ஒரு ஃபைபர் கிளாஸ் ஹல் (படகின் உடல்), 36 மில்லிமீட்டர் தடிமனில் பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 120 ஆம்பியர் இஎஸ்சி, இரண்டு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. குறைந்த செலவில், கரையிலிருந்து ரிமோட்டில் ஓட்டும் சின்ன மின்சார வேகப் படகு கட்ட இவ்வளவு போதும். ஒழுங்காகச் சேர்த்தால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் பலருக்கு நடப்பது வேறு. முதல் மாதத்திலேயே இஎஸ்சி புகைகிறது, ஷாஃப்ட் முறுக்கிக்கொள்கிறது, படகுக்குப் போட்ட காசை இன்னொரு முறை போட வேண்டியிருக்கிறது. "சைனா சாமான் அப்படித்தான்" என்று பழியைச் சாமான் மேல் போட்டுவிடுகிறோம். பாதிக்கு மேல் சாமான் மேல் தப்பே இருக்காது. தாங்க முடியாத சுமையை மாட்டியது நாம்தான். அந்தச் சுமை எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்க மாட்டோம்.

அளக்காமல் ஓட்டுவது

முதல் தவறு இதுதான். அளக்கத் தனி மீட்டர் வாங்க வேண்டியதில்லை, சார்ஜரே காட்டிக்கொடுக்கும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, முழு த்ராட்டிலில் சரியாக 2 நிமிடம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். திரும்பச் சார்ஜ் போடும்போது எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று பாருங்கள். 2,600 போனது என்றால் 2.6 ஆம்பியர் மணி. 2 நிமிடம் என்பது ஒரு மணியில் முப்பதில் ஒரு பங்கு. ஆக 2.6 × 30 = 78 ஆம்பியர். இது சராசரிதான். நின்ற இடத்திலிருந்து எகிறும்போதும் வளைவிலும் இதைவிட வெகுவாக ஏறும். 120 ஆம்பியர் இஎஸ்சிக்கு 78 பரவாயில்லை. சராசரியே 100 என்று வந்தால் அந்த இஎஸ்சியின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

ப்ராப் (தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறி) மாற்றும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கைந்து வரி சேர்ந்ததும் எந்த ப்ராப் எவ்வளவு தின்கிறது என்று தாளே சொல்லும்.

ப்ராப்பை ஒரு சைஸ் ஏற்றுவது

"42க்குப் பதில் 45 போட்டால் என்ன, மூன்று மில்லிமீட்டர்தானே?" இஎஸ்சி எரிக்கும் கேள்வி இதுதான். ஒரே வகை ப்ராப்பில், சுற்றும் வேகம் மாறாமல் இருக்க, தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 45-ஐ 42-ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்கினால் 1.41. மூன்று மில்லிமீட்டருக்கு 40 சதவீதம் கூடுதல் திறன். 40-லிருந்து 42-க்குப் போவதற்கே 28 சதவீதம்.

வோல்ட்டை ஏற்றினாலும் இதே கதை. அதே மோட்டார், அதே ப்ராப், 3எஸ்ஸுக்குப் (மூன்று செல், 11.1 வோல்ட்) பதில் 4எஸ் (நான்கு செல், 14.8 வோல்ட்) என்றால் சுற்று வேகம் 1.33 மடங்கு. திறன் சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் போவதால் 2.37 மடங்கு, ஆம்பியர் 1.78 மடங்கு. பேட்டரியில் வோல்ட் சரிவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனாலும் 78 ஆம்பியர் 130-ஐத் தொடும். ஒரு செல் கூட்டினால் ப்ராப்பைக் கட்டாயம் சின்னதாக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஏற்றுவது தற்கொலை.

ப்ராப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்டுரா எக்ஸ்440 என்றால் விட்டம் 40 மில்லிமீட்டர், பிட்ச் அதில் 1.4 மடங்கு, அதாவது 56 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் அவ்வளவு தூரம் முன்னேறும்.

கேவி பார்த்து மயங்குவது

கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. பெரிய எண் பெரிய வேகம் என்று நினைத்து 4,000 கேவி வாங்கி 4எஸ் மாட்டுகிறவர்கள் உண்டு. சாதாரணப் படகுக்குச் சுமையில்லாத சுற்று நிமிடத்துக்கு 28,000 முதல் 32,000 வரை இருந்தால் போதும். 3660 அளவு (36 மில்லிமீட்டர் தடிமன், 60 மில்லிமீட்டர் நீளம்) மோட்டாரில் 2,600 கேவி எடுத்து 3எஸ் மாட்டினால், 2,600 × 11.1 = 28,860. கச்சிதம். அதே மோட்டாருக்கு 4எஸ் கொடுத்தால் 38,480 ஆகிவிடும். 4எஸ்தான் வேண்டும் என்றால் 2,000 கேவி பக்கம் பாருங்கள். ஒரே திறனுக்கு வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு என்பதால் கம்பியும் இஎஸ்சியும் குளிர்ச்சியாக இருக்கும். சிக்கனக்காரருக்கு ஏற்ற கூட்டணி அதுதான்.

28,860 சுற்று, சுமையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 23,000 ஆகும். 56 மில்லிமீட்டர் பிட்ச்சால் பெருக்கினால் மணிக்கு 77 கிலோமீட்டர். தண்ணீரில் வழுக்கல் போக 62, 65 வரும். 40 மில்லிமீட்டர் ப்ராப்பில் இந்த வேகம் வரவில்லையென்றால் பெரிய ப்ராப் தேடாதீர்கள். எங்கோ உராய்கிறது, அதைத் தேடுங்கள்.

உராய்வு ஒளியும் இடம்: ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்

மோட்டாருக்கும் ப்ராப்புக்கும் நடுவே இருக்கும் இந்தக் கம்பியில்தான் பெரும்பாலான வேகம் தொலைகிறது. எஃகு இழைகளை அடுக்கடுக்காக, அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் முறுக்கிச் செய்தது இது. வெளி அடுக்கு இறுகும் திசையில் சுற்றினால்தான் சுமை தாங்கும். அவிழும் திசையில் சுற்றினால் சில ஓட்டங்களிலேயே பிரிந்து டியூபுக்குள் சிக்கிக்கொள்ளும். வாங்கியதும் இரு முனையையும் பிடித்து, மோட்டார் சுற்றும் திசையில் கையால் முறுக்கிப் பாருங்கள். இழைகள் இறுக வேண்டும். படகு பின்னால் போகிறதே என்று மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றிப் போடும் முன், கேபிளும் ப்ராப்பும் எந்தத் திசைக்கானவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகும் கம்பி நீளத்தில் கொஞ்சம் குறையும். இதை மறந்து ப்ராப்பை ஸ்ட்ரட்டோடு (படகின் பின்னால் ஷாஃப்ட்டைத் தாங்கும் பாகம்) ஒட்டி மாட்டுவது மிகப் பரவலான தவறு. ப்ராப்புக்கு முன்னால் உள்ள டிரைவ் டாக், ஓட்டத்தில் ஸ்ட்ரட்டின் புஷ்ஷில் போய் அழுந்தி பிரேக் பிடித்ததுபோல் தேய்க்கும். 4 மில்லிமீட்டர் கேபிளுக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இரண்டு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிச் செருகி அளவு வைத்து, மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளரை இறுக்கி, நாணயத்தை உருவிவிடலாம். பிறகு கப்ளர் வாயில் ஷாஃப்ட்டின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ஓட்டம் முடிந்து பார்க்கும்போது கோடு நகர்ந்திருந்தால் கப்ளர் வழுக்குகிறது, அடுத்த ஓட்டத்தில் ஷாஃப்ட் ப்ராப்போடு குளத்தின் அடிக்குப் போய்விடும்.

மோட்டாரும் டியூபும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ராப்பை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். காந்தத்தின் கடக் கடக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கனத்தால் கோணல் இருக்கிறது. மோட்டார் மவுண்டின் திருகுகளைத் தளர்த்தி, ஷாஃப்ட் தானாக உட்காரும் இடத்தில் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

கிரீஸ் ஒவ்வொரு முறையும் வேண்டும். மரைன் கிரீஸ் நல்லது, கிடைக்காவிட்டால் தண்ணீருக்கு அசையாத கால்சியம் கிரீஸ். வீடு திரும்பியதும் ஷாஃப்ட்டை உருவித் துடைத்து வையுங்கள். டியூபுக்குள் விட்டுவைத்த ஷாஃப்ட் ஒரே வாரத்தில் துருப்பிடித்து, வெண்ணெயில் மணல் கலந்த மாதிரி ஆகிவிடும். உப்பு நீரில் ஓட்டினால் நல்ல தண்ணீரில் அலசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ப்ராப்பை வாங்கினபடியே மாட்டுவது

வார்ப்பு ப்ராப்புகள் கடையிலிருந்து வரும்போது மொண்ணையாகவும் ஒரு பக்கம் கனமாகவும்தான் வரும். 25,000 சுற்றில் கால் கிராம் வித்தியாசம்கூட ஸ்ட்ரட் புஷ்ஷைத் தின்றுவிடும். பேலன்சர் வாங்கக் காசில்லையென்றால், இரண்டு சவர பிளேடுகளைச் சமமட்டமாக, இணையாக நிறுத்தி, நேரான எஃகுக் கம்பியில் ப்ராப்பைக் கோத்து அவற்றின் மேல் வையுங்கள். கனமான இதழ் கீழே வரும். தண்ணீரைத் தள்ளும் முகத்தைத் தொடாமல், அதன் பின்முகத்தில் மட்டும் 400 நம்பர் தாளால் தேயுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை தேய்க்க வேண்டும். முன்விளிம்பைக் கூராக்குவதும் இதே பின்முகத்திலிருந்துதான். கூரான ப்ராப் கத்திக்குச் சமம். பேட்டரி மாட்டியிருக்கும்போது அதன் அருகே கை போகக் கூடாது.

சூடு

விலை குறைந்த மோட்டார்களில் வரும் சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் சக்தியை இழக்கத் தொடங்கும். காந்தம் வலுவிழந்தால் கேவி ஏறும், கேவி ஏறினால் ஆம்பியர் ஏறும், சூடு இன்னும் ஏறும். அப்புறம் அந்த மோட்டார் பழைய நிலைக்கு வராது. புதிதாக எதை மாற்றினாலும் முதல் ஓட்டம் 30 விநாடி மட்டும். கரையில் மோட்டாரைத் தொட்டு மூன்று விநாடி விரலை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் 60 டிகிரியைத் தாண்டியாயிற்று, ப்ராப்பைக் குறையுங்கள்.

மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் உறைதான் வாட்டர் ஜாக்கெட். மலிவான ஜாக்கெட்டின் ஓ-ரிங் கசிந்து மோட்டாருக்குள்ளேயே தண்ணீர் இறங்குவதும் உண்டு. ஜாக்கெட்டை மோட்டாரில் போட்டபின், படகில் மாட்டும் முன், ஒரு குழாயை விரலால் அடைத்து, ஜாக்கெட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி, மறு குழாயில் வாயால் ஊதுங்கள். குமிழி வந்தால் கசிவு. தண்ணீர் வெளியேறும் துளையை ஹல்லின் பக்கவாட்டில், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். பீச்சியடிப்பது நின்றால் உடனே கரைக்கு.

பாதி த்ராட்டிலில் ஓட்டினால் இஎஸ்சிக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. பாதி த்ராட்டிலில் அது மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, அந்த வெட்டலே சூடு. படகு எழும்பாமல் தண்ணீரை உழுதுகொண்டு போனால் சுமையும் கூடும். வேகம் குறைவாக வேண்டுமென்றால் சின்ன ப்ராப் போட்டு முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள்.

கம்பி எட்டவில்லை என்றால் மோட்டார் பக்கக் கம்பியை நீட்டுங்கள், பேட்டரி பக்கத்தை நீட்டாதீர்கள். பேட்டரிக் கம்பி நீண்டால் வோல்ட் துள்ளலை இஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள்தான் தாங்க வேண்டும், அவைதான் முதலில் வெடிக்கும். 80 ஆம்பியர் ஓடும் படகில் எக்ஸ்டி60 கனெக்டர் போட்டால் பிளாஸ்டிக் உருகும். எக்ஸ்டி90 அல்லது 5.5 மில்லிமீட்டர் புல்லட் போடுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் இந்தத் தடிமனுக்கு ஏறாது, 80 வாட்டாவது வேண்டும். லிப்போவின் இரண்டு கம்பிகளையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள், கட்டிங் பிளேயரே ஷார்ட் அடித்துவிடும்.

பேட்டரி லேபிளில் 50சி (ஆம்பியர் மணிக் கொள்ளளவைப்போல் 50 மடங்கு ஆம்பியர் தரும்) என்று போட்டிருந்தால் பாதியை நம்புங்கள். 80 சதவீதத்துக்கு மேல் கறக்காதீர்கள். செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டில் இஎஸ்சி நிறுத்தும்படி அமைத்து, டைமரும் வையுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் பேட்டரி 3.8 வோல்ட்டில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகுவது

படகு குதிக்கிறது, ஆடுகிறது, கவிழ்கிறது என்றால் முதலில் கை ஸ்ட்ரட்டுக்குப் போகக் கூடாது, ஸ்கேலுக்குப் போக வேண்டும். ஹல்லைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் கடைசி 15 சென்டிமீட்டரில் எஃகு ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். மலிவு ஹல்லில் அங்கே குழிவோ மேடோ இருக்கும். குழிவு மூக்கைத் தண்ணீரில் அழுத்தும், மேடு தவளை மாதிரி குதிக்க வைக்கும். குழிவை எபாக்சி புட்டி நிரப்பியும் மேட்டைத் தேய்த்தும் சமன் செய்து, பின்விளிம்பைக் கூராக விடுங்கள். உருண்டையான விளிம்பில் தண்ணீர் பிரியாமல் ஒட்டிக்கொண்டே வரும்.

அடுத்தது எடை மையம். ஒரே அடிப்பாகம் கொண்ட வி வடிவ ஹல்லுக்குப் பின்சுவரிலிருந்து நீளத்தில் 30 சதவீதம் என்று தொடங்குங்கள். 70 சென்டிமீட்டர் ஹல்லுக்கு 21 சென்டிமீட்டர். பேட்டரியை வெல்க்ரோவில் வைத்தால் நகர்த்தலாம். இதற்குப் பிறகுதான் ஸ்ட்ரட். ஹல் அடிக்கு இணையாக, ஷாஃப்ட்டின் மையம் அடிவிளிம்பு மட்டத்தில் இருக்கும்படி தொடங்குங்கள். ப்ராப் முனை தாழ்ந்திருந்தால் பின்பக்கம் தூக்கி மூக்கு அழுந்தும், உயர்ந்திருந்தால் மூக்கு கிளம்பும். வேகத்தில் இடமும் வலமுமாகத் தள்ளாடினால் பெரும்பாலும் ஸ்ட்ரட்டை ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே அடங்கும். ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம்.

சில்லறைத் தவறுகள் இன்னும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, கார்பன் ஃபைபரையும் தாண்டாது. ஆகவே ஆன்டெனா முனையை ஹல்லுக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்ஜியமாகும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். மூக்குப் பகுதி முழுக்க ஃபோம் அடையுங்கள், மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

நம்மூர் ஏரிகளில் ஆகாயத் தாமரை வேரும் பாசியும் ப்ராப்பில் சுற்றும். கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தால் அறுந்துவிடும் என்று அழுத்துவதுதான் அன்றைய கடைசித் தவறு. சுற்ற முடியாத மோட்டார் முழு ஆம்பியரையும் இழுக்கும், இஎஸ்சி சில விநாடிகளில் போகும். ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். படகை எடுக்க நீந்தவும் வேண்டாம், வேரில் கால் சிக்கும். மீன் தூண்டில் நைலான் கயிற்றின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிறு படகின் மேல் படிந்ததும் மெதுவாக இழுத்தால், பந்து வந்து சுக்கானில் மாட்டிக்கொள்ளும்.