பைக் விபத்து: ஓட்டுபவர் செய்யும் தவறுகளும் ஓடிவந்து உதவுபவர்கள் செய்யும் தவறுகளும்

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். மாடு குறுக்கே வருவதைக் கண்டு, சுதாரித்து, விரல் பிரேக் லீவரை இழுக்க ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் பிரேக் நன்றாகப் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். 80இல் போனால் இது 70 மீட்டரைத் தொடும், 100இல் கிட்டத்தட்ட 100 மீட்டர். பல பைக்குகளின் டிம் லைட் இரவில் 40, 50 மீட்டருக்கு மேல் தெளிவாகக் காட்டாது. இரவில் 80இல் போகிறவர், எதிரே நிற்கும் பஞ்சரான லாரியைப் பார்க்கும்போதே நிறுத்துவதற்கான தூரத்தைத் தாண்டிவிட்டார் என்று பொருள். எவ்வளவு திறமையாக ஓட்டுபவருக்கும் இதே கணக்குதான்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில், 64,105. அப்படியென்றால் ரோட்டில் போகும் நாம் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் விபத்து நடந்த இடத்தில் நிற்கப்போகிறோம். விழுந்தவர் எப்படி ஓட்டினார், எப்படி விழுந்தார் என்பதைக் கவனித்தால் அடி எங்கே பட்டிருக்கும் என்பது ஓரளவு பிடிபடும். அதனால் ஓட்டும் தவறுகளிலிருந்தே தொடங்குவோம்.

விழவைக்கும் தவறுகள்

முன் பிரேக் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் பலருக்கு உண்டு. காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை பெருமளவு முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் இழுபடும், நிற்கும் தூரமும் கூடும். நிறுத்தும் சக்தியில் பாதிக்கு மேல் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வண்டி நேராக இருக்கும்போது லீவரை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும், பின் பிரேக்கும் கூடவே. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸும், 125 சிசி வரை ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ்ஸும் (ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் முறை) கட்டாயம். ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் வளைவில் கிடக்கும் மணலிலும், மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டிலும் டயருக்குப் பிடிமானமே இல்லையென்றால் அதுவும் காப்பாற்றாது.

பஸ்ஸையும் லாரியையும் இடப்பக்கமாக முந்துவது அடுத்தது. உயிர் போகும் தவறு இது. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேபினுக்கு இடப்பக்கத்திலும் சற்றுப் பின்னாலும் நிற்கும் பைக் லாரி டிரைவரின் கண்ணில் படவே படாது. சிக்னலில் அந்த இடைவெளிக்குள் புகுந்து நிற்கிறவர், லாரி திரும்பினால் நேராகப் பின் சக்கரத்துக்கு அடியில் போகிறார். டிரைவரின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றுவிடுங்கள்.

வீலிங் செய்யும்போது முன் சக்கரம் தரையில் இல்லை. அதாவது முன் பிரேக் இல்லை, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ள பையனிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று நிற்க வேண்டிவரும். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

ஹெல்மெட்டில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு பட்டையில். போட்டிருப்பார்கள், கொக்கி தொங்கும். முதல் அடியிலேயே அது கழன்று பறந்துவிடும், இரண்டாவதாகத் தலை நேராக ரோட்டில் மோதும். தாடைக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் போகும் அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள், தலையை விட்டு வரக்கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151 எண் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்தான் தெரிகிறது என்றாலும், மாற்றியே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்குகிறது, நசுங்கியது மறுபடி எழாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே தரத்தில் ஹெல்மெட் வேண்டும். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

முதல் நிமிடத்தில் நடக்கும் தவறுகள்

விழுந்த சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நடு ரோட்டுக்கு ஓடுகிறார்கள். நான்கு வழிச் சாலையில் அடுத்த வண்டி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நுழைகிறது. முதலில் ஒருவர் வண்டி வரும் திசையில் குறைந்தது 50 மீட்டர் பின்னால் போய், ரோட்டு ஓரத்தில் நின்று, செல்போன் டார்ச்சையோ துண்டையோ ஆட்ட வேண்டும். கார் இருந்தால் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். இன்னொருவர் விழுந்த பைக்கின் சாவியை அணைக்க வேண்டும். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும், அருகில் பீடி, சிகரெட் கூடாது.

108க்கு அழைக்கிறவர் செய்யும் தவறு, ‘பைபாஸில் ஆக்சிடெண்ட்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். சென்டர் மீடியனுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் அடுத்த யூ டர்ன் வரை போய்த்தான் திரும்ப முடியும். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், பக்கத்து பெட்ரோல் பங்க் அல்லது டோல்கேட், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணும் இருக்கிறது, 112 எங்கும் கிடைக்கும்.

அதன் பிறகு வருவது தண்ணீர். யாராவது ஒருவர் பாட்டிலோடு வந்துவிடுவார், சோடாவும் வரும். நினைவு குழம்பியவருக்குக் கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். வயிற்றில் நீர் இருந்தால் அவசர அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகிறது. தாகம் என்று கேட்டாலும் உதட்டை நனைப்பதோடு நிறுத்துங்கள். தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கையைத்தான் கிழிக்கும். வாயில் எதையும் வைக்காமல், சுற்றியிருக்கும் கல், கண்ணாடித் துண்டுகளை அகற்றினால் போதும். வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்புங்கள்.

ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவது இன்னொரு பழக்கம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கைகால் செயலிழக்கலாம். மூச்சு விடுகிறார் என்றால் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, தலை அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லை, அல்லது உள்ளே வாந்தியும் ரத்தமும் அடைக்கிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் முன்பக்கமிருந்து ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்க வேண்டும். மற்றவர் பட்டையை அறுத்து, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து, மூக்கு மாட்டாதபடி மெல்லப் பின்னால் உருவ வேண்டும்.

‘முதுகெலும்பு போயிடும், தொடாதே’ என்று கேட்டுப் பழகியவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். மல்லாந்து கிடப்பவரின் வாயில் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். மூச்சுக்குழாய் அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், முதுகெலும்பு அதற்குப் பிறகுதான். தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மூன்று பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பக்கவாட்டில் உருட்டுங்கள். எப்போதாவது ஒரு தடவை விக்கியது போல வாயைத் திறப்பது மூச்சு ஆகாது. அப்படியிருந்தால் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும்.

ரத்தம் கொட்டினால் காப்பித்தூளோ மஞ்சளோ வேண்டாம், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்துவரும். நனைந்தால் மேலே இன்னொரு துணி. கை அல்லது காலில் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லையென்றால் மட்டும் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் இல்லாமல், 4 சென்டிமீட்டராவது அகலமுள்ள துணியால் கட்டுங்கள். முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். சணல் கயிறும் ஒயரும் ஆகாது, அவை தசையை அறுக்கும்.

ஆம்புலன்ஸ் வர வழியே இல்லையென்றால் ஆட்டோவில் மடக்கித் திணிப்பதைவிட, குட்டி யானை போன்ற லோடு வண்டியின் தட்டையான பலகையில் படுக்கவைத்துக் கொண்டுபோவது நல்லது. இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம். நினைவில்லாதவரின் தலை தொங்கி மூச்சு அடைபடும்.

எழுந்து நடப்பவரை விட்டுவிடுவது

இதைத்தான் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும். விழுந்தவர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, ‘ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறார். கூட்டம் கலைகிறது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சில மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டு, பிறகுதான் தூக்கக் கலக்கம் வரும். வீட்டில் ‘அசதி, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். நினைவு ஒரு கணம் தப்பியிருந்தாலோ, விழுந்தது ஞாபகம் இல்லையென்றாலோ, இரண்டாவது தடவை வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாவது, பேச்சு குழறுவது எதுவாக இருந்தாலும் உடனே சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனை. ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே வட்டமாக ஒரு சிராய்ப்புதான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். வயிறு விறைப்பு, இடது தோளில் வலி, வெளிறிய முகம், வேகமான நாடி ஆகியவை அதன் அடையாளங்கள். 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள், வண்டியைத் திரும்ப ஓட்ட விடாதீர்கள்.

போலீஸ், கேஸ், பணம்

டிரைவரை அடிப்பதில் போகும் பத்து நிமிடமும் கீழே கிடப்பவருடையது. வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகளை நகர்த்தும் முன் அவை கிடந்த நிலையையும் பிரேக் தடத்தையும் எடுத்து போலீஸிடம் மட்டும் கொடுங்கள். அடிபட்டவரின் முகத்தை வாட்ஸ்அப்பில் போட்டால், அவர் வீட்டுக்குச் செய்தி அப்படித்தான் போய்ச் சேரும்.

‘கேஸ்ல மாட்டிக்குவோம்’ என்ற பயத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பை உறுதிசெய்தது. 2019இல் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவாக அது சட்டமாகவே ஆனது. நீங்கள் பெயர், முகவரி சொல்லத் தேவையில்லை. மருத்துவமனை உங்களிடம் பணம் கேட்கவோ பிடித்துவைக்கவோ முடியாது. சாட்சி சொல்ல விரும்பினால்தான் சாட்சி.

செலவுக்குப் பயந்து தனியார் வாசலில் தயங்குவதும் தேவையில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோதிவிட்டுப் போன வண்டி எது என்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. அதைப் பெற எஃப்ஐஆர் நகலும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் வேண்டும். ஆகவே ‘கீழே விழுந்துட்டாரு’ என்று மட்டும் பதியவிடாமல், வண்டி மோதிவிட்டு நிற்காமல் போனது என்பதையும் மோதிய நேரத்தையும் இடத்தையும் முதல் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள்.