எண்பதுகளின் ஸ்லாஷர் படங்கள்: பார்க்கும்போது செய்யக்கூடாதவை

எண்பதுகளின் மலிவு பட்ஜெட் ஸ்லாஷர் படத்தை, அதாவது ஒரு கொலையாளி ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லும் திகில் படத்தை, போட்டதுமே பலர் கிண்டலடிக்கத் தயாராகிவிடுகிறார்கள். நடிப்பு சுமார், வசனம் அதைவிடச் சுமார், சரி. ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தால் அதிலுள்ள கைவேலை கண்ணில் படாது.

1980-ல் வந்த 'ஃப்ரைடே தி 13த்' படத்தின் செலவு சுமார் 5.5 லட்சம் டாலர். அதில் கட்டிலில் படுத்திருக்கும் நடிகர் கெவின் பேகனின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு அம்பு வெளியே வரும். உண்மையில் அவர் கட்டிலுக்கு அடியில் குறுகி உட்கார்ந்து, தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். கழுத்தும் மார்பும் பொம்மை. கேமரா ஓடும்போது போலி ரத்தம் வரும் குழாய் பம்ப்பிலிருந்து கழன்றுவிட்டது. மேக்கப் கலைஞர் டாம் சவினியின் உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊத, ரத்தம் கொப்பளித்தது. படத்தில் நாம் பார்ப்பது அதைத்தான். பணம் இருந்திருந்தால் இன்னொரு பொம்மை செய்து நிதானமாக எடுத்திருப்பார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இந்தப் படத் தொடரின் அடையாளமாகிவிட்ட ஹாக்கி முகமூடியை இந்த முதல் படத்திலேயே தேடுவது அடுத்த தவறு. அது 1982-ல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் வரும். இரண்டாம் பாகத்தில் கொலையாளியின் தலையில் வெறும் துணிப்பைதான். முதல் படத்தில் கொலை செய்வது யார் என்று தயவுசெய்து கூகுளில் தேடிவிடாதீர்கள். அப்புறம், 1989-க்குள் வந்துவிட்ட 8 பாகங்களையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிக்கவும் வேண்டாம், திகட்டிவிடும்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (அசைவுகளை வழவழப்பாக்கிக் காட்டும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் எடுத்த படம் அதில் டிவி சீரியல் போலாகிவிடும்.

எந்தப் பிரதி என்று பார்க்காமல் உட்காருவதும் தவறு. கனடாவில் எடுத்த 'மை பிளடி வேலன்டைன்' 1981-ல் வெளியானபோது, தணிக்கைக்காகக் கொலைக் காட்சிகளை வெட்டித் தள்ளினார்கள். அவற்றில் ஒரு பகுதி 2009-ல்தான் வீட்டு வீடியோவில் திரும்பி வந்தது. அந்தப் பிரதியில் பாருங்கள். நோவா ஸ்கோஷியாவில் ஒரு நிஜ நிலக்கரிச் சுரங்கத்தில் எடுத்த படம் அது. சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சுரங்கத்தைக் கழுவிப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டார்கள். படக்குழு இருந்த கொஞ்சக் காசில் அதை மறுபடி அழுக்காக்க வேண்டியதாயிற்று.