பயண அட்டையில் மிஞ்சிய வெளிநாட்டுக் காசை என்ன செய்யலாம்?

சிங்கப்பூருக்கோ தாய்லாந்தின் ஹாட்யாய்க்கோ போய்வந்தவர்களின் பயண அட்டையில் (பல நாட்டுக் காசை முன்கூட்டியே ஏற்றிச் செலவழிக்கும் அட்டை) 12 டாலரோ 300 பாட்டோ தங்கிவிடுவது வழக்கம். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி எடுப்பது? நாணய மாற்றுக் கடையில் அட்டையை நீட்டிப் பயனில்லை. அவர்கள் நோட்டைத்தான் வாங்குவார்கள். இதற்காக ஈப்போவுக்கு பஸ் ஏற வேண்டாம். வேலை எல்லாம் கைப்பேசிச் செயலிக்குள்தான்.

ஊர் வந்து சேர்ந்த அன்றே மாற்றிவிடாதீர்கள். தங்கும் விடுதி முன்பணமாகப் பிடித்துவைத்த தொகை விடுபடச் சில நாளாகும். சில இடங்களில் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். செயலியில் மொத்த இருப்பும் செலவழிக்கக்கூடிய இருப்பும் வெவ்வேறாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் அட்டையைத் தட்டிய கட்டணம் தாமதமாகக் கழிக்கப்படலாம். அதற்குள் டாலரைத் துடைத்து ரிங்கிட்டாக்கிவிட்டால், அந்தக் கட்டணத்துக்காக ரிங்கிட் மறுபடி டாலராகும். ஒரே காசுக்கு இரண்டு முறை நட்டம். கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கான பணமும் இதே அட்டைக்குத்தான் வரும். ஆகவே எல்லாக் கணக்கும் தீரும்வரை அட்டையை மூடக் கூடாது.

அடுத்தது விலை. செயலி காட்டும் மாற்று விலையை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 3.30 வெள்ளி (ரிங்கிட்), செயலியில் 3.24 என்று வைத்துக்கொள்வோம். 200 டாலருக்கு 12 வெள்ளி போகும்; 12 டாலருக்கு 72 காசுதான். சின்னத் தொகையைக் கடிப்பது விலை வித்தியாசம் இல்லை, நிலையான கட்டணம். வெளியே எடுக்க 5 வெள்ளி கேட்டால், அந்த 12 டாலரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அதற்கே சரி. சனி விடியற்காலை முதல் திங்கள் விடியற்காலை வரை அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். அப்போது பல நிறுவனங்கள் பாதுகாப்புக்காக விலையைக் குறைத்தே தரும். செவ்வாய், புதன் பகலில் மாற்றுவது நல்லது.

பெரிய தொகை என்றால் ரிங்கிட்டாக்கி, டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்கும். வங்கிக்கு அனுப்பும் வசதியே இல்லாத அட்டைகளும் உண்டு. அவற்றில் மளிகைக் கடையில் தட்டித் தீர்ப்பதுதான் வழி.

சின்னத் தொகையை மாற்றவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. ரிங்கிட் தீர்ந்தால் டாலரிலிருந்து தானாக எடுக்கும் அட்டையாக இருந்தால், அடுத்த மளிகைச் செலவிலேயே அது கரைந்துவிடும். சில அட்டைகள் இரண்டு நாணயத்தைச் சேர்த்து ஒரே பில்லைக் கட்டாது. அப்போது பில் தொகை மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். பெட்ரோல் பம்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் 30 வெள்ளிக்கு ஊற்றினாலும் பம்பு 200 வெள்ளி வரை பிடித்துவைக்கப் பார்க்கும், இருப்பு போதாதென்று அட்டையை மறுக்கும். கவுண்டரில் தொகையைச் சொல்லிக் கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை.

வீட்டில் யாராவது சிங்கப்பூரில் வேலை செய்கிறார்களா? அவர்களிடமும் அதே அட்டை இருந்து, செயலி அனுமதித்தால், டாலரை டாலராகவே அனுப்பிவிட்டு அவர்களிடம் ரிங்கிட் வாங்கிக்கொள்ளலாம். இதைவிட மலிவான வழி கிடையாது. அட்டையையும் பின் நம்பரையும் கையில் கொடுத்தனுப்புவது மட்டும் கூடாது.

கடைசி நாளில் அங்கேயே ஏடிஎம்மில் நோட்டாக எடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரை ரிங்கிட்டில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இங்கே மாற்றும்போது சில்லறைக் காசு செல்லாது. கிழிந்த, எழுதிய நோட்டுக்கு விலை குறையும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் மாட்டியிருக்கும் கடைக்கே போய், ரசீது வாங்குங்கள்.

மாற்றாமல் விட்டுவைப்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும்: அட்டையின் காலாவதி மாதம், பயன்படுத்தாத அட்டைக்குக் கட்டணம் உண்டா என்பது. அட்டை காலாவதியானால் பணம் மறைந்துவிடாது. ஆனால் அதைத் திரும்ப எடுக்கப் புது அட்டைக்குக் கட்டணமும், வாடிக்கையாளர் சேவையோடு நீண்ட பேச்சும் வேண்டியிருக்கும்.