நாடியைப் பிடித்தே நரம்பின் வேலையை அறியலாம்: தொடக்கநிலையினருக்கு

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும். அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நாடி பெரும்பாலும் 60 முதல் 80 வரைதான் இருக்கும். காரணம், ஓய்வு நேரத்தில் நரம்பு அதற்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. இதை உங்கள் மணிக்கட்டிலேயே உணரலாம். ஒரு கடிகாரமும் நாற்காலியும் போதும்.

படி 1: நாடியைப் பிடியுங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம். அங்குள்ள ரத்த அழுத்த உணரிகள் தூண்டப்பட்டால் சிலருக்கு மயக்கமே வரும்.

படி 2: மூச்சோடு கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. விரலை எடுக்காமல் 5 விநாடி மூச்சை இழுத்து, 5 விநாடி விடுங்கள். இப்போது எண்ண வேண்டாம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கும், விடும்போது விலகும். பயப்படாதீர்கள், இது ஆரோக்கியமான மாற்றம்தான். இளம் வயதினருக்குத் தெளிவாகத் தெரியும், வயது கூடக்கூடக் குறையும்.

இதைச் செய்வது வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் தொடங்கி, கழுத்து வழியாக இதயத்துக்கு வருகிறது. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. இந்தப் பிடிக்குப் பின்னால் ஒரு வேதிப்பொருள் இருப்பதை 1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார். அந்த இதயத்தில் இருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்துக்கு மாற்றினார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது! அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படி 3: எழுந்து நில்லுங்கள்

எழுந்ததும் மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 வரை கூடியிருக்கும். நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் அதை முகுளத்துக்குச் சொல்கின்றன. முதலில் வேகஸ் விட்டுக்கொடுக்கிறது. சில விநாடிகள் கழித்து, வேகஸுக்கு எதிராக வேலை செய்யும் பரிவு நரம்பு (சிம்பதெடிக் நரம்பு) நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து துடிப்பை முடுக்குகிறது. தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். அடிக்கடி சுற்றினால் மருத்துவரைப் பாருங்கள். இந்த முடுக்கத்தைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஏற்றம் குறைவாகவே இருக்கும்.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இந்தச் சோதனை வேறு மாதிரி வரும். அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் ஓய்விலேயே நாடி 90-க்கு மேல் இருப்பது வழக்கம். உடற்பயிற்சியைத் தொடங்கினாலும் ரத்தத்தில் அட்ரினலின் ஹார்மோன் ஏறும்வரை துடிப்பு மெல்லத்தான் கூடும். அதனால்தான் அவர்களுக்கு வார்ம்-அப்பை நீட்டிச் செய்யச் சொல்கிறார்கள்.