வெட்டவெளியில் நிற்கும் விமானம் சிலை இல்லை: பலரும் செய்யும் தவறுகள்

விசாகப்பட்டினம் ஆர்.கே. பீச்சில், அருங்காட்சியகமாக இருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்கு எதிரே நிற்கிற, கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்த வகை விமானங்கள் 1988இல் கடற்படையில் சேர்ந்தன, 1992 முதல் நம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்துதான் பறந்தன, 2017 மார்ச்சில் அங்கேயே விடைபெற்றன. அதே ஆண்டு டிசம்பரில் அவற்றில் ஒன்று விசாகையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இப்படி ஓய்வுபெற்ற விமானத்தைத் திறந்தவெளியில் நிறுத்தியதும் அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. கல்லூரி வாசல், பூங்கா, ரவுண்டானா என்று எங்கே விமானம் வைத்திருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்புவதுதான் பெரிய தவறு. இரும்பு மாதிரி சிவந்து உதிராது, அவ்வளவுதான். விமானத்துக்குப் பயன்படுத்தும் வலுவான அலுமினியக் கலவைகளை உப்புக்காற்று உள்ளுக்குள்ளேயே அரிக்கும். முதலில் வெள்ளைப் பொடி தெரியும், அப்புறம் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றித் தகடு உப்பும், கடைசியில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் நூற்றுக்கணக்கான விமானங்களை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது பாலைவனம், காற்றில் ஈரமே குறைவு. வங்கக் கடலோரத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

தண்ணீர் வெளியிலிருந்து கெடுப்பதைவிட உள்ளே தேங்கிக் கெடுப்பதுதான் அதிகம். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசி, குளவிக்கூடு, பறவைக்கூட்டுக் குச்சி எதுவும் அதை அடைத்துவிடும். பல இடங்களில் பெயின்ட் அடிக்க வந்தவரே நல்லெண்ணத்தில் அதையும் சேர்த்து மூடிவிடுகிறார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஒருவர் கம்பியோடு கீழே குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தே ஆகவேண்டும். செலவே இல்லாத வேலை இது, ஆனால் இதைச் செய்யாததால் போன விமானங்கள்தான் அதிகம் என்பேன்.

பெயின்ட் விஷயத்தில், ஏதாவது விழா வருகிறது என்றால் பழைய பெயின்ட் மேலேயே கடையில் கிடைக்கும் எனாமலை அடித்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அடியில் அரிப்பு நிம்மதியாக வளரும், மேலே பார்த்தால் தெரியாது. அரித்த இடத்தைச் சுரண்டி எடுத்து, அலுமினியத்துக்கான பிரைமர் என்கிற அடிப்பூச்சு போட்ட பிறகுதான் மேல்பூச்சு. அடிப்பதற்கு முன் எண்கள், சின்னங்கள், எச்சரிக்கை வாசகங்கள் எல்லாவற்றையும் அளவோடு படமெடுத்து வைக்காவிட்டால் அவை எப்போதைக்குமாகப் போய்விடும். கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். பிரஷர் பம்ப் வைத்துப் பீய்ச்சினால் தண்ணீர் இடுக்குகளுக்குள் ஏறிவிடும்.

ஏறிப் பார்க்க வைக்கும் படிக்கட்டின் இரும்பை நேராக விமானத்தின் உடலோடு சேர்த்து போல்ட் போடாதீர்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் கரையும். நடுவில் ரப்பரோ நைலானோ வையுங்கள்.

டயரை நம்பி நிறுத்துவதும் கூடாது. வெயிலில் ரப்பரில் வெடிப்பு விட்டுக் காற்று இறங்கும், விமானம் ஒரு பக்கமாகச் சாயும். எடையை இரும்புத் தாங்கிகளில் ஏற்றிவிட்டு டயரைச் சும்மா தரையைத் தொட வைக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து கருவிகளைக் கழற்றினால் எடைச் சமநிலை மாறி வால் தரையில் உட்கார்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. எடை குறைந்த இறக்கை புயல்காற்றில் மேலே தூக்கும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் கரை கடந்தது இதே விசாகையில்தான், அதனால் கடலோரத்தில் நங்கூரக் கம்பி இல்லாமல் விமானம் நிறுத்துவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

தார்ப்பாய் போட்டு மூடினால் பாதுகாப்பு என்பார்கள். காற்றில் அது அடித்து அடித்துப் பெயின்டையும் ஜன்னலையும் உராய்ந்துவிடும், ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். கூரை போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் காற்றோட்டம் கொடுங்கள்.

சரி, பார்க்கப் போகிறவர்கள்? விசாகையில் நிற்கும் டியூ-142ஐக் குண்டுவீச்சு விமானம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டியூ-95 குண்டுவீச்சு விமானத்திலிருந்து உருவானதுதான், ஆனாலும் இதன் வேலை வேறு: பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கடல்மேல் சுற்றி, சோனோபாய் என்கிற மிதவைகளைப் போட்டு, நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையைக் கேட்டுக் கண்டுபிடிப்பது. எஞ்சினைக் கவனமாகப் பாருங்கள். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ப்ரொப்பல்லர். அந்த ப்ரொப்பல்லர் தகடுகளைப் பிடித்துத் தொங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

தகவல் பலகை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நீளம், அகலம், வேகம் மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க 1988இல் இந்தியா எடுத்த ராணுவ நடவடிக்கையில் இந்த டியூ-142 விமானங்களின் பங்கு என்ன, விமானத்தின் பின்பகுதியில் கருவிகளின் முன் உட்கார்ந்தவர் மணிக்கணக்கில் என்ன செய்தார், இதெல்லாம் எழுதப்பட வேண்டும். இதில் பறந்தவர்களும் தரையில் பராமரித்தவர்களும் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு, பலகையை அப்புறம் எழுதுங்கள்.