தீட்டு நிற்கும் காலத்தைச் சமாளிக்க: என் அளவு நோட்டிலிருந்து

எனக்கு 47 வயதில் ஆரம்பித்தது. திண்டுக்கல்லில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். தீபாவளி நெருக்கத்தில் ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பிக் காது வரை ஏறியது. மூன்று நிமிடம் இருந்திருக்கும். முதுகு நனைந்து, நெற்றி வியர்வை சொட்டி, கையிலிருந்த பட்டு ஜாக்கெட்டில் கறை விழுந்தது. அடங்கியதும் உடம்பு குளிரில் நடுங்கியது.

முதல் வேலையாக ஒரு நோட்டு போடுங்கள். நான் அளவு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதினேன்: தேதி, மணி, அதற்கு முன் என்ன செய்தேன், தீட்டு எத்தனை நாள், எத்தனை பேட். இரண்டு வாரத்தில் உடம்பின் போக்கு பிடிபட்டுவிடும். "11 மணி டீ, 11.20 சூடு" என்று என் நோட்டில் ஐந்து நாள் இருந்தது. இஸ்திரி போடும்போதும் வந்தது. டீக்குப் பதில் மோர் குடித்தேன், இஸ்திரியை விடிகாலைக்கு மாற்றினேன். பகலில் வருவது பாதியாகக் குறைந்தது. காரம் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் நாத்தனாருக்கோ மிளகு ரசமே ஆகாது. அதனால் அடுத்தவர் பட்டியல் உங்களுக்கு உதவாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப்பகுதி சின்ன ஏற்றத்துக்கே பதறிவிடுகிறது. எது அந்தச் சின்ன ஏற்றம் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

ராத்திரி வியர்வைக்குத் துணிதான் பாதி வைத்தியம். 'காட்டன்' என்று சொல்லி விற்கிற நைட்டிகள் பலவற்றில் பாலியெஸ்டர் கலந்திருக்கும். தையலுக்குள் மடிந்திருக்கும் நூல் ஒன்றை இழுத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சின்ன மணி மாதிரி இறுகும். விரலில் நசுக்கினால் நசுங்காது. ஜாக்கெட்டுக்கும் காட்டன் லைனிங்தான் கேளுங்கள், அக்குளில் அரை அங்குலம் தளர்வு வைக்கச் சொல்லுங்கள். தலைமாட்டில் ஒரு மாற்று நைட்டியும் துண்டும் இருந்தால், நள்ளிரவில் விளக்குப் போட்டுப் பீரோவைத் தேட வேண்டாம். போன தூக்கம் திரும்ப வரும்.

அப்புறம் மருத்துவர். நான் முதலில் பார்த்தவர், "வயசானா இப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அங்கேயே நிற்காதீர்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பேட் கணக்கைப் படித்தார்: 9 நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஸ்கேன் எடுத்தார், ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.2. என் களைப்பிலும் படபடப்பிலும் பாதி ரத்தசோகை! தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது அதிகம் சுரந்தாலும் இதே வியர்வை, இதே படபடப்புதான்.

ஹார்மோன் சிகிச்சை, அதாவது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தருவது, என்றதும் நம் பெண்கள் பயப்படுகிறார்கள். சூட்டுக்கு அதைவிட நன்றாகக் கேட்கிற மருந்து இல்லை. 60 வயதுக்குள், அல்லது தீட்டு நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால், பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்களுக்கும் வழக்கமாகத் தர மாட்டார்கள். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அதன் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம்.

அளவு எடுக்கத் திரை போட்டதும்தான் பலர் இன்னொன்றைச் சொல்வார்கள்: "அக்கா, வறண்டு போய் எரியுது, அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு." இதற்காகக் கூனிக்குறுக வேண்டாம். பிறப்புறுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள். மருந்துக்கடையில் தண்ணீர் கலவை ஜெல் கிடைக்கும். போதாவிட்டால் உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதித் தருவார். அதில் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் கலக்கிறது.

எலும்புக்கு, 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. காலையில் கூழ், மதியம் தயிர் என்று பழகிக்கொண்டேன். நாள் முழுக்க மிஷினில் உட்காருகிற எனக்கு நடையும் தேவை. கடைக்கு நடந்தே போகிறேன்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. கடைசித் தீட்டுத் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். அதற்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர், 56 வயது, நின்று நாலு வருடம் கழித்துக் கறை பட்டதை உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். கர்ப்பப்பைக்குள் சதை வளர்ந்திருந்தது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஜாக்கெட்டை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொண்டார்.