பெரிய குத்துச்சண்டை வருகிறதா? அதற்கு முந்தைய டிவி பரபரப்பை எப்படிப் பார்ப்பது?

2015 மே 2, சனிக்கிழமை. காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு ஹாலில் காலை ஆறரைக்கே பதினோரு பேர் கூடிவிட்டோம். அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பாக்கியோவும் லாஸ் வேகாஸில் மோதும் குத்துச்சண்டை. எல்லா விளம்பரத்திலும் மே 2 என்றுதான் இருந்தது. டிவியில் பழைய சண்டைகள் ஓடின, விளம்பரம் ஓடியது, புதுச் சண்டை மட்டும் வரவில்லை. பத்து மணிக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். அதில் ஒருவர் பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். அமெரிக்காவில் சனி இரவு என்பதால், சண்டை நமக்கு மறுநாள் ஞாயிறு காலையில்தான். அன்றைக்குத் திரும்பி வந்தது நான்கு பேர். மற்றவர்கள் பார்க்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதனால் இதை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய பட்டச் சண்டை என்றால் மூன்று நிமிஷம் வீதம் 12 ரவுண்டு, மொத்தம் 36 நிமிஷம். ஆனால் டிவி அதைப் பற்றி மாதக்கணக்கில் பேசும். அந்த ஆர்ப்பாட்டமே வேண்டாம், சண்டையை மட்டும் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த நாட்களைச் சரியாகப் பார்த்தால்தான் 36 நிமிஷமும் புரியும். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தேதியையும் மணியையும் நம்ம கணக்குக்கு மாற்றுங்கள்

லாஸ் வேகாஸ் என்றால் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நமக்கு 12½ மணி நேரம் பின்னால் இருக்கும். குளிர்காலத்தில் 13½. கோடையில் அங்கே சனி இரவு 8 மணி என்றால் கிருஷ்ணகிரியில் ஞாயிறு காலை 8:30. லண்டன் கோடையில் 4½ மணி நேரம், குளிர்காலத்தில் 5½ மணி நேரம் பின்னால். சவூதியின் ரியாத்துக்கு வருஷம் முழுக்க 2½ மணி நேரம்தான், ஆனால் அங்கே நள்ளிரவில் நடப்பதால் நமக்கு விடியற்காலை ஆகிவிடும்.

விளம்பரத்தில் போடும் நேரம் பெரும்பாலும் ஒளிபரப்பு தொடங்கும் நேரம். முக்கியச் சண்டை அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வரும். 2015-ல் அதுவும் தள்ளிப்போனது. அமெரிக்காவில் கடைசி நேரத்தில் பணம் கட்டியவர்களின் கூட்டத்தைக் கேபிள் நிறுவனங்களால் சமாளிக்க முடியவில்லை. நமக்கு ஒன்பது மணி தாண்டித்தான் ரிங்கில் ஏறினார்கள். ஞாயிறு என்றால் கறிக்கடைக்கு ஏழு மணிக்குள் போய்வந்துவிடுங்கள்.

மணியை டிவிதான் முடிவு செய்கிறது. இது இன்று வந்த பழக்கமும் இல்லை. 1974 அக்டோபர் 30 அன்று ஜயீர் (இன்றைய காங்கோ) நாட்டின் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் விடிவதற்கு முன் நாலு மணிக்கு மோதினார்கள். அமெரிக்காவில் அது முந்தைய நாள் இரவு. டிக்கெட் வாங்கி தியேட்டர் திரையில் மக்கள் பார்க்கிற நேரம். அடுத்த வருஷம் மணிலாவில் அலியும் ஃப்ரேசியரும் மோதியது காலையில். காரணம் அதேதான்.

இன்னொன்று, தேதியும் தள்ளிப்போகும். கின்ஷாசா சண்டை செப்டம்பரில் நடந்திருக்க வேண்டியது. பயிற்சியில் ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேலே வெட்டுப்பட்டதால் ஐந்து வாரம் தள்ளிப்போனது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் வீரர் டைசன் ஃப்யூரிக்கும் அதே மாதிரி வெட்டு. உக்ரைனின் உஸிக்குடனான சண்டை மே 18-க்குப் போனது. நோட்டில் தேதியைப் பென்சிலில் எழுதுங்கள்.

2. எதில் வருகிறது என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள்

அமெரிக்காவில் பெரிய சண்டைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். 2015-ல் எச்டியில் பார்க்க 99.95 டாலர். அப்படியும் 46 லட்சம் இணைப்புகள் விற்றன. நமக்கு அன்று அது சாதாரணக் கேபிளிலேயே வந்தது. இப்போது சில பெரிய சண்டைகள் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. மொபைல் பிளான் வைத்திருந்தால் டிவியில் தெரியாது, அதை முதலிலேயே சரிபாருங்கள். 2024-ல் முன்னாள் சாம்பியன் மைக் டைசனும் யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலும் மோதிய சண்டை பலருக்குச் சுற்றிச் சுற்றி நின்றது. வீட்டு வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டால் உங்கள் பக்கத்துக் கோளாறாவது இருக்காது. அந்தச் சண்டை அமெரிக்காவில் வெள்ளி இரவு, நமக்குச் சனிக்கிழமை காலை. சனிக்கிழமைகளில் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவார்கள், பேப்பரில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. நோட்டில் ஒரு பக்கம், இரண்டு பத்தி

டிவி முன் உட்காரும் முன்பே இதை எழுதிவிட வேண்டும். நடுவில் ஒரு கோடு போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம்: வயது, உயரம், கை நீளம், வலது கைக்காரரா இடது கைக்காரரா, கடைசியாகச் சண்டை போட்டது எப்போது, தோற்றிருந்தால் எப்படித் தோற்றார். கீழே சண்டையின் விதிகள்: எத்தனை ரவுண்டு, ரவுண்டுக்கு எத்தனை நிமிஷம், கையுறை எத்தனை அவுன்ஸ்.

டைசன் – ஜேக் பால் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 58 வயது, 27 வயது. டைசன் அதற்கு முன் தொழில்முறைச் சண்டை போட்டது 2005-ல், அதிலும் தோல்வி. எட்டே ரவுண்டு, இரண்டு நிமிஷம் வீதம், 14 அவுன்ஸ் கையுறை. டிவியோ 1986-ல் 20 வயதில் பட்டம் வாங்கிய டைசனைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. இந்த ஒரு பக்கத்தை எழுதியிருந்தவர்களுக்கு அன்று காலை ஏமாற்றம் இல்லை. பால், மதிப்பெண் போடும் மூன்று நடுவர்களிடமும் சுலபமாக ஜெயித்தார்.

4. தொடரைப் பாருங்கள், ஆனால் இரண்டு முறை

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 2007-ல் ஆஸ்கர் டி லா ஹோயா – மேவெதர் சண்டைக்காக அமெரிக்கச் சேனல் எச்பிஓ '24/7' என்று ஒரு தொடர் தொடங்கியது. கேமரா இரண்டு பேர் வீட்டுக்குள்ளும் பயிற்சிக் கூடத்துக்குள்ளும் போனது. மேவெதரின் அப்பா அதுவரை டி லா ஹோயாவின் பயிற்சியாளர். மகனுக்குப் பயிற்சி தருவதோ சித்தப்பா ரோஜர். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. நம்ம வீட்டில் இரவு எட்டு மணி சீரியல் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். குத்துச்சண்டையே தெரியாதவர்களும் பார்த்தார்கள். அதன்பின் ஷோடைம் சேனலும் இதே மாதிரி தொடர் எடுத்தது; இன்று எந்தப் பெரிய சண்டைக்கும் இந்த முறைதான்.

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். யார் பக்கம் மனசு சாய்கிறதோ சாயட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தொடரை எடுப்பதும் சண்டையை விற்பதும் ஒரே கை. இரண்டு பேரும் சமபலம் என்று உங்களை நம்பவைப்பதுதான் அதன் வேலை.

இரண்டாம் முறை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பயிற்சிக் காட்சிகளை மட்டும் பாருங்கள். பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் குத்துவது பார்க்க அழகாக இருக்கும், அதிலிருந்து அதிகம் தெரியாது. கூட மோதும் பயிற்சி ஆட்களைக் கவனியுங்கள். எதிராளி இடது கைக்காரர் என்றால் அவர்களும் இடது கைக்காரர்களாக இருப்பார்கள். குத்திவிட்டுக் கை முகத்துக்குத் திரும்புகிறதா, பாதியில் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், காட்டாமல் விட்டது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். 2015-ல் பாக்கியோவுக்கு வலது தோளில் காயம். சண்டைக்குச் சில வாரம் முன்பே பட்டதாம். அவ்வளவு கேமராக்கள் இருந்தும் சண்டை முடிந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

5. வாய்ச்சண்டைக்கு அரை மணி நேரம் போதும்

பத்திரிகையாளர் சந்திப்பு, நெற்றிக்கு நெற்றி முறைத்துக்கொள்வது, தள்ளுமுள்ளு. 2017-ல் மேவெதரும், உதையும் மல்யுத்தமும் கலந்த எம்எம்ஏ சண்டையிலிருந்து வந்த மெக்ரிகரும் லாஸ் ஏஞ்சல்ஸ், டொராண்டோ, நியூயார்க், லண்டன் என்று நாலு நகரம் சுற்றித் திட்டிக்கொண்டார்கள். பேச்சில் மெக்ரிகர் சளைக்கவே இல்லை. நோட்டில் மேவெதர் பக்கம் 49 வெற்றி, தோல்வி இல்லை. மெக்ரிகர் பக்கம் தொழில்முறைக் குத்துச்சண்டை பூஜ்யம். பத்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார், மேவெதருக்கு வெற்றி. எது கெட்ட வார்த்தை என்று குழந்தைகள் கேட்பார்கள், அவர்கள் இல்லாத நேரத்தில் பாருங்கள்.

6. எடை போடும் நாள்: மாட்டைப் பார்ப்பதுபோல் பாருங்கள்

எங்கள் பக்கம் எருது விடும் விழா வந்தால் பத்து நாள் முன்பே பிளக்ஸ் கட்டுவார்கள். மாட்டின் படம், பெயர், போன வருஷம் எந்த ஊரில் பரிசு வாங்கியது, எல்லாம் இருக்கும். என் சித்தப்பா பிளக்ஸை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வண்டியிலிருந்து மாட்டை இறக்கும்போது பக்கத்தில் போய் நிற்பார். முன்கால் ஊன்றுவதைப் பார்ப்பார், விலா ஏறி இறங்குவதைப் பார்ப்பார். "இது இன்னிக்கு ஓடாதுடா" என்பார். பெரும்பாலும் ஓடாது.

சண்டைக்கு முந்தைய நாள் எடை போடுவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கன்னம் ஒட்டியிருக்கிறதா, உதடு வெடித்திருக்கிறதா, படி ஏறும்போது கால் தடுமாறுகிறதா. எடையைக் குறைக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருப்பார்கள். பல இடங்களில் உண்மையான எடை காலையிலேயே போட்டு முடிந்திருக்கும், டிவியில் வருவது சடங்கு. அதனால் காலை எடையைத் தேடிப் படியுங்கள். 2024 ஏப்ரலில் டெவின் ஹேனியுடன் மோத வந்த ரயன் கார்சியா 140 பவுண்டு வரம்புக்கு மேல் 3.2 பவுண்டு கூடுதலாக இருந்தார். மேடையில் பீர் பாட்டிலோடு நின்றார். இவர் எங்கே சண்டை போடப்போகிறார் என்றது உலகம். மறுநாள் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளினார். பிறகு ஊக்கமருந்து சோதனையில் சிக்கி அந்த வெற்றியே ரத்தானது. ஆக, இந்த வாரத்தில் நீங்கள் எழுதுவதெல்லாம் ஊகம்தான், தீர்ப்பு கிடையாது.

7. முன்சண்டைகளைத் தவிர்க்காதீர்கள்

டைசனுக்காக எழுந்த அந்தச் சனிக்கிழமை நல்ல சண்டையைக் கொடுத்தவர்கள் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும். மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்குக் கொடுத்தார்கள். நம்ம நாட்டு நீரஜ் கோயத்தும் அதே மேடையில் ஜெயித்தார். பெரிய பெயரை வைத்து விற்ற டிவி இவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

8. மணி அடித்ததும் வர்ணனையை நிறுத்துங்கள்

வர்ணனை இல்லாமல் நீங்களே மதிப்பெண் போடுங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. கீழே விழுந்திருந்தால் 8. ரவுண்டு முடிந்த ஒரு நிமிஷ இடைவெளியில் எழுதிவிடுங்கள், பிறகு திருத்தாதீர்கள். உஸிக் – ஃப்யூரி முதல் சண்டையில் நடுவர்கள் கொடுத்தது 115-112 உஸிக், 114-113 ஃப்யூரி, 114-113 உஸிக். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றில் சாய்ந்தபோது ரிங்குக்குள் இருந்த நடுவர் அதைக் கீழே விழுந்ததாகக் கணக்கில் எடுத்து எண்ணினார். அந்த ரவுண்டு 10-8 ஆனது. மூன்றாவது நடுவரின் தாளில் அது வெறும் 10-9 ஆக இருந்திருந்தால் 114-114, சண்டையே சமன். நோட்டில் கூட்டிப் பாருங்கள், கை சிலிர்க்கும்.

நீங்கள் பார்க்கும் சண்டையில் நடுவர்கள் மதிப்பெண் வாசிக்கும் முன் உங்கள் கூட்டலை முடித்துவிடுங்கள். 2015-ல் நடுவர்கள் 118-110, 116-112, 116-112 என்று மேவெதருக்குக் கொடுத்தார்கள். என் தாளிலும் 116-112. சித்தப்பா தாளில் 115-113, பாக்கியோ பக்கம். அந்தத் தாள் இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது. நாலாவது ரவுண்டில் பாக்கியோவின் இடது கை மேவெதரைக் கயிற்றுக்குத் தள்ளியதைப் பற்றி இன்று கேட்டாலும் எழுந்து நின்று காட்டுவார்.